நான்காம் எண் உலர்த்தி

சனிக்கிழமை ஐனார்ஸுக்குக் கல்யாணம்.
எலும்பு முறிவுப் பிரிவில் கட்டில் தள்ளுகிறவன்.
அவனுக்குப் பிடித்த பழைய பாப் பாட்டை
நாங்கள் மூவரும் பாடுவதாக
யாரோ வாக்குக் கொடுத்துவிட்டார்கள்.
வெல்காதான். வேறு யார்.

லியபாயா துறைமுகத்தில் கயிறெல்லாம் உறைந்திருக்க
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எங்களுக்கு வேர்த்தது.
விரிப்புகளை மடித்துக்கொண்டே ஒத்திகை.
மெட்டு வெல்காவுக்கு.
கீழ்க்குரல் ட்ஸிந்த்ராவுக்கு,
பாடினால் அலமாரிக் கதவு அதிரும்.
நடுக்குரல் எனக்கு.
நடுக்குரல் எது என்று
யாருக்கும் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் ஓட்டும் ரைடிஸ் கிட்டாரோடு வந்தான்.
டோ, மி, சோல் என்று
ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் காட்டினான்.
"முதல் கார்ட் இது. சந்தோஷமான கார்ட்."
பாடினோம்.
சாவு வீட்டில் காப்பி ஊற்றுவதுபோல் இருந்தது.
மறுபடி பாடினோம். அதே துக்கம்.
"கார்டில் பிழையில்லை,
உங்கள் மூஞ்சியில்தான்" என்றான்.

அந்நேரம் நான்காம் எண் உலர்த்தி
தன் சுற்றை முடித்து நின்றது.
நாங்கள் நிறுத்தவில்லை.
விளக்கைப் போட்டதுபோல
அதே மூன்று சுரம்
பளிச்சென்று சிரித்தது.

ரைடிஸ் உலர்த்தியை மறுபடி ஓடவிட்டு
அதன் வயிற்றில் காது வைத்தான்.
"லா" என்றான்,
எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர்போல.
மேலே நாங்கள் டோ மி சோல் என்று
எவ்வளவு குதித்தாலும்
அடியில் ஒரு லா படுத்திருந்தால்
பட்டா அதன் பேரில்தான்.

நடுக்குரல் கிடைத்தது புதன்கிழமை, டிராமில்,
வலது பக்கம் செத்துப்போன ஹெட்ஃபோனில்.
மெட்டு பாடுகிறவள் அந்தப் பக்கத்தோடு போய்விட்டாள்.
மிச்சம் ஒரு பேஸ்,
ஒரு தம்பூரின்,
பிறகு ஒருத்தி.
டோ என்கிறாள்.
அடுத்த வரிக்கும் டோ.
அதற்கடுத்ததற்கும்.
முப்பது வருஷமாய்க் கேட்கிற பாட்டுக்குள்
இவள் குடியிருந்ததே எனக்குத் தெரியாது.

இதுதானா என் பங்கு?
மற்றவர்கள் ஆட
ஓரமாய்க் கோட்டுகளை வாங்கி மாட்டுகிற வேலையா?

பாட்டைத் திரும்ப ஓடவிட்டேன்.
இந்த முறை பேஸின் பின்னால் போனேன்.
பேஸ் டோவில் நிற்கையில் அவள் வீட்டுக்காரி.
அது லாவுக்கு இறங்கியதும்
துக்கமா இல்லையா என்று சொல்கிறவளே அவள்தான்,
கால் சுரம் கூட அசையாமல்.
ஃபாவுக்குப் போனால்
மேலே உத்தரமாய்க் கிடக்கிறாள்.
அவள் எங்கும் போகவில்லை.
தெருதான் அவள் வாசலை
மாற்றி மாற்றி வைக்கிறது.

நான்காவது கார்ட் சோல்.
அங்கே டோவுக்கு இடமில்லை.
தெரிந்தும் ஒரு மூச்சு நிற்கிறாள்,
பூட்ஸுக்குள் கல்போல,
எல்லோருக்கும் உறுத்திக்கொண்டு.
பிறகு அரைப்படி இறங்கி
ஸி.

நான் இறங்கவேண்டிய நிறுத்தம்
எப்போதோ போய்விட்டது.

சனிக்கிழமை பாடினோம்.
இரண்டாவது சரணத்தை வெல்கா விழுங்கிவிட்டாள்,
யாரும் கவனிக்கவில்லை, வெல்காவைத்தான் பாராட்டினார்கள்.
மணப்பெண்ணின் தம்பி
கேக் தட்டோடு என்னிடம் வந்து,
"நீங்களும் பாடினீர்களா?" என்றான்.
அந்த அரைப்படியில் மட்டும்
ட்ஸிந்த்ராவின் தோள் என் பக்கம் சாய்ந்தது.
ஒருவேளை செருப்பு கடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை மெக்கானிக் வந்து
நான்காம் எண்ணுக்கு பெல்ட் மாற்றிவிட்டுப் போனான்.
இப்போது அது லா இல்லை.
சோலும் இல்லை.
ரைடிஸ் தேடிப் பார்த்தான்,
அவன் கிட்டாரில் இரண்டு கட்டைகளுக்கு இடையே
விரல் வைக்க முடியாத எங்கோ.
தலையணை உறைகளை உதறிக்கொண்டே
அதன்மேல் டோ வைத்துப் பார்க்கிறேன்.
உராய்கிறது.
கொஞ்சம் இறக்குகிறேன்.
இன்னும் கொஞ்சம்.